நாலு பிளக்கு, ஒரு கேஸ்கெட்டு

எங்கள் வண்டியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். ஆந்திரப் பக்கம் இருக்கிற எங்கள் நாராயணவனத்திலும் சுற்றுவட்ட ஊர்களிலும் பெரிய வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் டீசல் வண்டிதான் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஒருவர்தான் பெட்ரோல் வண்டி வாங்கினார். சென்னையில் யாரோ ஒரு டாக்டர் பத்து வருஷம் ஓட்டி அலுத்துப்போய் விற்றது. ஏழு பேர் உட்காரலாம், ஜீப்பு மாதிரி உயரம், கறுப்பு நிறம். "சத்தமே வராது பாரு" என்று பெருமையோடு கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "இம்மாம் ஒசரத்துல எதுக்குயா, நாம இன்னா மலையா ஏறப் போறோம்" என்றேன். திருப்பதிக்கு வரும் யாத்திரைக்காரர்களை ஏற்றிப் போவதுதான் அவர் தொழில். "மலதான் ஏறப் போறோம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது.

போன ஆடி மாதம் அவர் விழுந்தார். குளித்துவிட்டு வந்து துண்டைக் கொடியில் போடக் கையைத் தூக்கினார், வலது கை வரவில்லை. என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார், சொல்லும் வரவில்லை. பக்கவாதம். திருப்பதி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தோம். மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். ஐம்பது மில்லி சிரிஞ்சில் கஞ்சியை உறிஞ்சி அந்தக் குழாய் வழியாக நான்தான் ஊற்றினேன். வீட்டுக்கு அனுப்பும்போது, வாரத்துக்கு மூன்று நாள் திருப்பதிக்கு வந்து பயிற்சி எடுக்க வேண்டும் என்றார்கள். பயிற்சி கொடுக்கிற அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார், "மொதல் ஆறு மாசம்தாம்மா. இதுல எவ்ளோ வருதோ அவ்ளோதான். ஒரு நாளும் விட்டுடாதீங்க."

விடவில்லை. ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள் நான். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தது, "நாளைக்கு ஒதவும்" என்று அவர் ஒற்றைக் காலில் நின்றதால்தான். உதவியது. பஸ்ஸில் அவரால் படி ஏற முடியாது. ஆட்டோவில் ஒரு தடவை கூட்டிப் போனேன், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் வடமாலப்பேட்டை வரை என் மேலேயே சாய்ந்து சாய்ந்து விழுந்தார். என் தம்பியின் சின்னக் காரில் ஒரு தடவை ஏற்றினோம். இறக்கும்போது மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டியதாயிற்று, நடுத்தெருவில் அழுதுவிட்டார். இந்தப் பாழாய்ப்போன பெட்ரோல் வண்டி ஒன்றுதான் அவருக்குப் பொருந்தியது. கதவோரம் உள்ள கைப்பிடியை இடது கையால் பிடித்து ஒரு எம்பு எம்பினால் முன்சீட்டில் தானாகவே உட்கார்ந்துவிடுவார். யாரும் தூக்க வேண்டாம். அந்த உயரத்தைத் திட்டிய என் வாயை நானே கடித்துக்கொண்டேன்.

இரண்டாவது மாதம் வலது கைப் பெருவிரல் அசைந்தது. மற்ற விரல்கள் அப்படியே இருக்க, பெருவிரல் மட்டும் மெல்ல உள்ளே மடங்கி வெளியே வந்தது. சொற்களும் ஒன்றிரண்டு வந்தன. வேடிக்கை என்னவென்றால் தெலுங்குதான் முதலில் வந்தது. வண்டியில் ஏறுகிறவர்களிடம் நாள் முழுக்கத் தெலுங்கு பேசி வளர்ந்த நாக்கு. மெதுவாக என்பதற்கு "மெல்லகா", போதும் என்பதற்கு "சாலு". ஒரு நேரத்தில் ஒரு சொல். இரண்டு சொல்லைச் சேர்க்கப் போனால் இரண்டும் தொண்டையிலேயே நின்றுவிடும், முகம் சிவந்துவிடும்.

ஆயுத பூஜை வந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முந்தின வருஷம் பூஜை அன்று அவர் சவாரியில் இருந்தார். வண்டிக்குப் பொட்டுக்கூட வைக்கவில்லை. அவர் விழுந்த நாளிலிருந்து அது என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. பூஜை போடாமல் விட்டதுதான் இப்படி ஆக்கிவிட்டது என்று ஒருத்தரிடமும் சொல்லாமல் எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டிருந்தேன். மற்ற வருஷங்களிலும் அவர் பானெட்டைத் திறக்கவே விடமாட்டார். வெளியில் பொட்டு வைத்தால் போதும் என்பார். இந்த மனுஷனுக்குப் பக்தி அவ்வளவுதான் என்று நினைப்பேன். இந்த வருஷம் அவரைச் சக்கர நாற்காலியில் வாசலில் உட்காரவைத்துவிட்டு, பானெட்டைத் திறந்தேன். இரண்டு குடம் தண்ணீரில் மஞ்சளும் குங்குமமும் கரைத்து வைத்திருந்தேன். சாமிக்கு அபிஷேகம் செய்வதுபோல முதல் குடத்தை என்ஜின் தலையில் ஊற்றினேன்.

அப்போது அவர் இடது கையைத் தூக்கினார். தலைக்கு மேலே, நடுங்க நடுங்கத் தூக்கினார். கண்ணில் தண்ணீர். பக்கத்து வீட்டு அக்கா, "பாருடி, ஒத்தக் கையாலயே கும்புடறாரு" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே இரண்டாவது குடத்தையும் ஊற்றினேன். பூசணிக்காய் உடைத்தேன், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். அவர் ஒற்றைக் கையால் கும்பிட்ட கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. தம்பிக்குப் போனில் சொன்னேன். பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் சொன்னேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

அதற்கப்புறம் பத்து நாளில் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. திருப்பதியிலிருந்து வரும்போது வடமாலப்பேட்டை தாண்டியதும் ஒரு உதறல். மீட்டரில் மஞ்சள் விளக்கு. அடுத்த முறை ஏற்றத்தில் இழுக்கவே இல்லை, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தே என் உயிரை எடுத்தான். அதற்கடுத்த முறை வீட்டு வாசலை விட்டே நகரவில்லை. நின்ற இடத்திலேயே வண்டி முழுக்கக் குலுங்கியது, சளி பிடித்தவர் இருமுவதுபோல.

புத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். "ஏம்மா, இது பெட்ரோலா" என்று, நான் ஏதோ தப்புச் செய்தவள்போலக் கேட்டார். ஏதோ ஒரு ஃபில்டரை மாற்றினார். இரண்டு நாள் ஓடியது. எலும்பு முறிந்தால் ஒட்டவைக்க உலகமே தேடி வருகிற ஊர் புத்தூர், ஒரு பெட்ரோல் என்ஜினைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. இரண்டாவது மெக்கானிக் வந்து புகையை முகர்ந்து பார்த்துவிட்டு, "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குதும்மா" என்றார். நான் நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளைகளை நிறுத்திவைத்து, தண்ணியையும் காசுக்கு விக்கறீங்களா, நோயாளி போற வண்டிடா அது, நல்லாயிருப்பீங்களா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். பாவம் அந்தப் பிள்ளைகள். இப்போதும் அந்தப் பங்கைத் தாண்டும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறேன்.

இதற்கிடையில் வீட்டில் அவர் வேறு. நான் வண்டியைப் பற்றிப் போனில் கத்திக்கொண்டிருக்கும்போதெல்லாம் இடது கையால் என் புடவையை இழுப்பார். பானெட்டைக் காட்டுவார், அப்புறம் தண்ணீர்க் குடத்தைக் காட்டுவார். தாகம் என்று தண்ணீர் மொண்டு கொடுப்பேன். குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறுபடி பானெட், மறுபடி குடம். "தண்ணி குட்த்தா குடிக்க மாட்டன்ற, பின்ன எதுக்குயா கேக்கற" என்று எரிந்து விழுவேன். கடைசியில் அவர் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

நாலு சிலிண்டரில் மூன்று மட்டும் வேலை செய்ய, வண்டியை உருட்டிக்கொண்டு திருப்பதியில் ஒரு பெரிய ஷெட்டுக்குப் போனேன். அங்கே ஒருவர்தான் ஒழுங்காகப் பார்த்தார். என்ஜின் மூடியில் ஒரே ஒரு காயிலைக் கழற்றி எனக்குக் காட்டினார். காயில் என்பது, பெட்ரோலுக்குப் பொறி வைக்கிற பிளக்கின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்து மின்சாரம் கொடுக்கிற சாமான். அது எண்ணெயில் நனைந்திருந்தது. "வால்வ் கவர் கேஸ்கெட்டு போயிந்தம்மா. ஆயில் எறங்கி பிளக்கு குழியில நிக்குது. நாலு பிளக்கும் கேஸ்கெட்டும் மாத்தணும்" என்றார். கேஸ்கெட்டு என்பது என்ஜின் மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் இருக்கப் போடுகிற ரப்பர் பட்டை. மாத்துங்க என்றேன். சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும், கையில் இருபது வண்டி இருக்கிறது, விட்டுவிட்டுப் போங்கள், மூன்று வாரம் ஆகும் என்றார்.

மூன்று வாரம். ஏற்கெனவே பயிற்சி நான்கு நாள் போயிருந்தது. அன்று காலையில்தான் அவர் பெருவிரலைப் பிடித்துப் பார்த்திருந்தேன். மடங்கிய விரல் மறுபடி விறைத்துக்கொண்டு நின்றது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

சத்தியவேட்டில் இருக்கிற என் தம்பி போன் செய்தான். அங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான், எதையும் ஒரே நிமிஷத்தில் தீர்த்துவைத்துவிடுவான். "அக்கா, அந்த எழவ வித்துடுக்கா. ஞாயித்துக்கெழம ஒருத்தர கூட்டிக்கினு வர்றேன், இருக்கற நெலமைல எடுத்துக்குவாரு. அப்புறம் சின்னதா ஒரு வண்டி பாத்துக்கலாம்" என்றான். அப்புறம் என்பது எப்போது என்று எனக்குத் தெரியும். சின்ன வண்டியில் இவர் ஏற முடியாது என்றும் தெரியும். ஆனாலும் எனக்கு இருந்த ஆத்திரத்தில், அவர் காதுபடவே, "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஓடலன்னா வந்து எடுத்துக்கினு போ, பீடை ஒழியட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் பயிற்சிப் பந்தைக் கையில் வைத்தேன். உருட்டிவிட்டார்.

அவ்வளவுதான். நானே மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். தையல் மிஷினைப் பிரித்துப் பூட்டுகிறவளுக்கு இது என்ன பெரிய பிரம்மவித்தையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சென்னைக் கடைக்குப் போன் செய்து வண்டிப் பெயர், வருஷம் எல்லாம் சொன்னேன். திருப்பதி பஸ் டிரைவரிடம் பார்சலைக் கொடுத்தனுப்பினார்கள், புத்தூர் பைபாஸில் நின்று வாங்கிக்கொண்டேன். வீட்டில் பிரித்து கேஸ்கெட்டை என்ஜின் மேலே வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. போன் செய்தேன். "பிளக்கு கேட்டீங்க, குட்த்தேன். கேஸ்கெட்டு டீசலுக்குப் போட்டுட்டேன் போல. ஆந்திரான்னா டீசல்தானேம்மா" என்றார் கடைக்காரர். பிளக்கு கேட்கிறவள் டீசல் வண்டியா வைத்திருப்பாள், டீசல் வண்டிக்கு ஏதுயா பிளக்கு என்று கத்தினேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேகத்தில் ஒரு வார்த்தை விட்டேன். "எல்லாம் நீ வாங்குன வண்டிதான. உன்ன மாதிரியே அதுவும் ஒரு பக்கமா படுத்துக்கிச்சி" என்றேன்.

சொன்னதும் நாக்கு கூசியது. ஆனால் சொல்லியாகிவிட்டது. அவர் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

சரியான கேஸ்கெட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. சனிக்கிழமை காலை டிபன் முடிந்ததும் அவரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டுபோய் வண்டி முன்னால் நிறுத்தினேன். கட்டிலுக்கு அடியில் இருந்த அவருடைய டூல்ஸ் பெட்டியைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். நான் ஒவ்வொரு சாமானாகத் தொட்டுக் காட்டுவேன், சரியானதைத் தொட்டால் தலையை ஆட்டுவார். பத்தாம் நம்பர் ஸ்பானர். நீட்டுக் கம்பி. உள்ளே ரப்பர் வைத்த பிளக்குக் குழல். வரிசை மாறக் கூடாது என்று காயில்களின் மேல் தையல் சாக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதினேன். அதற்கு அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. வேலை தெரிந்தவர் மெச்சுகிற சிரிப்பு.

நல்லது அதோடு முடிந்தது. முதல் காயிலின் வயர் கொக்கி வயசானதால் தொட்டதும் ஒடிந்தது. இரண்டாவது காயில் வரவே இல்லை, ரப்பர் வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், திருகினேன், திட்டினேன். "மெல்லகா" என்றார் அவர். மெல்லத்தான் இழுக்கிறேன் என்று கத்திக்கொண்டே இழுத்ததில் விரல் முட்டி பானெட் கம்பியில் இடித்துத் தோல் போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று குழியிலும் கறுப்பு எண்ணெய் நின்றது. பிளக்கைக் கழற்றும் முன் அதை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சிலிண்டரில் இறங்கிவிடும் என்று எனக்கும் புரிந்தது. துணியைச் சுற்றி விட்டுப் பார்த்தேன், அடி வரை போகவில்லை. அவர் வீட்டுக்குள்ளே கையைக் காட்டினார். பிறகு தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

அலமாரியில் அந்தச் சிரிஞ்சை எறியாமல் வைத்திருந்தேன். கஞ்சி ஊற்றிய ஐம்பது மில்லி சிரிஞ்சு, அதோடு மிச்சமிருந்த மெல்லிய குழாய். குழாயைக் குழிக்குள் விட்டு உறிஞ்சினேன். கச்சிதமாக எண்ணெய் மேலே ஏறி வந்தது. மூன்று குழியையும் துடைத்து எடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

நாலாவது காயிலைக் கழற்றினேன். குழாயை விட்டு உறிஞ்சினேன். முதலில் கொஞ்சம் எண்ணெய் வந்தது. அதற்குக் கீழே, சிரிஞ்சுக்குள்ளே தெளிவாகப் பிரிந்து, மஞ்சள் தண்ணீர் வந்தது. இன்னும் இழுத்தேன். அடியில் தங்கியிருந்த குங்குமம் சிவப்புச் சேறாக ஏறி வந்து குழாயை அடைத்துக்கொண்டது.

சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நிறம் எனக்குத் தெரியாதா. கரைத்தவளே நான். பெட்ரோலில் தண்ணீர் என்று பங்குக்குப் போய் ஊரே பார்க்கச் சண்டை போட்டு வந்த தண்ணீர் இதோ என் கையில் இருந்தது. பழைய கேஸ்கெட்டு கசிந்தது ஒரு பக்கம் உண்மைதான், ஆனால் அது வருஷக்கணக்காகக் கசிந்துகொண்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. வண்டியைப் படுக்கவைத்தது இரண்டு குடம் மஞ்சள் தண்ணீர். நாலாவது பிளக்கின் கழுத்தெல்லாம் துரு.

குடம், பானெட், குடம், பானெட் என்று அவர் காட்டிக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது. அதற்குப் பின்னால், வேண்டாம் வேண்டாம் என்று நான் தள்ளத் தள்ள, பூஜை அன்று அவர் தூக்கிய கை ஞாபகம் வந்தது.

அவர் பக்கம் திரும்பாமலே கேட்டேன். "அன்னிக்கி நீ கும்புடலையா."

திரும்பினேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"என்ன நிறுத்தச் சொன்னியா."

ஆமாம் என்று ஆட்டினார்.

நான் அங்கேயே பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், அதுவும் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு. ஒற்றைக் கையால் கும்பிட்டார், சாமி கண் திறந்துவிட்டது, இனி மற்ற விரல்களும் வந்துவிடும் என்று. அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். வாய் இருந்தும் பேச வராத மனுஷனிடம், நான் வாய் ஓயாமல் பேசி, அவர் சொன்னதற்கு நேர்மாறாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இதில் அவரைப் பார்த்து நீயும் படுத்துக்கொண்டாய் என்று வேறு. அசிங்கமாக இருந்தது. கைகள் எண்ணெயாக இருந்ததால் முகத்தைக் கூட மூடிக்கொள்ள முடியவில்லை, அப்படியே அழுதேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து அவர் இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டினார். பார்த்தேன். என்ஜினைக் காட்டினார். வேலையைப் பார் என்று அர்த்தம். எழுந்து பார்த்தேன்.

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றினேன். மூடியின் போல்டுகளைக் கழற்றி ஒரு ரப்பர்ச் சுத்தியலால் தட்டித் தூக்கினேன். பழைய கேஸ்கெட்டு கண்ணாடி வளையல் மாதிரி துண்டு துண்டாக ஒடிந்து வந்தது. விளிம்பைச் சுரண்டித் துடைத்து, புதியதைப் பள்ளத்தில் விரலால் அழுத்தி அழுத்தி வைத்தேன். இரண்டு மூலையில் மட்டும் கசிவை அடைக்கிற பேஸ்ட்டைக் கொஞ்சம் வைக்கச் சைகை காட்டினார், நான் வழக்கம்போலத் தாராளமாகப் பிதுக்கப் போனேன். அவர் இடது கை மேலே போயிற்று. உடனே நிறுத்திவிட்டேன். "சாலா" என்று கேட்டேன். "சாலு" என்றார்.

போல்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஒவ்வொரு போல்டுக்கும் அவர் கையைப் பார்த்தேன். கை தூக்கினால் நிறுத்தினேன், தூக்காவிட்டால் இன்னும் கால் சுற்று. பிளக்குகளை முதலில் கையால் சுற்றித்தான் உள்ளே விட வேண்டும், மரை மாறினால் என்ஜின் தலையே போய்விடும். மூன்று பிளக்கை நான் விட்டேன். நாலாவதுக்கு நாற்காலியை முடிந்தமட்டும் கிட்டே தள்ளினேன். அவர் எம்பி, இடது கையால் கம்பியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சுற்றினார். மரை பிடித்ததும் கண்ணைத் திறந்தார்.

பேஸ்ட் காய மறுநாள் வரை ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும் அவரை முன்சீட்டில் ஏறச் சொன்னேன். கைப்பிடியைப் பிடித்து எம்பி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினேன். இரண்டு தடவை இருமியது. என் உயிர் கையில் இல்லை. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. கொஞ்சம் புகை வந்து, அதுவும் நின்று, சத்தமே இல்லாமல் ஓடியது. அவர் சொன்னது சரிதான், அந்த வண்டிக்குச் சத்தமே இல்லை. பெருமாள் கோயில் வரை போய்த் திரும்பி வந்தோம். உதறல் இல்லை, விளக்கு இல்லை.

தெருவுக்குள் திரும்பினால் வாசலில் என் தம்பி நின்றிருந்தான். பக்கத்தில் வண்டியை எடுக்க வந்த ஆள், வெள்ளைச் சட்டை, கையில் டைரி. பக்கத்து வீட்டு அக்காவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். என்ஜினை நிறுத்தாமலே இறங்கினேன். பானெட்டைத் திறந்து காட்டினேன்.

"அட, ஓடுது" என்றான் தம்பி. "இத்தினி பேரு பாத்து ஆவாத வண்டி. இன்னாக்கா ஆச்சி இதுக்கு, இன்னா பண்ண?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த அக்கா வேறு, அன்றைக்கு ஒத்தக் கையாலயே கும்புடறாரு என்று முதலில் சொன்னவர். சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தேன். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியது நான் என்றும், வண்டியைத் திட்டி, பங்கைத் திட்டி, இவரைத் திட்டி அலைந்தது வீண் என்றும் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. வார்த்தை வரவில்லை. எனக்கே வரவில்லை.

முன்சீட்டிலிருந்து அவர் கதவை இடது கையால் தட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். முகம் சிவந்துபோயிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"கேஸ்கெட்டு" என்றார். மூச்சு வாங்கினார். "கேஸ்கெட்டு... போயிட்ச்சி. பழசு. அதான். வேற... ஒண்ணும் இல்ல."

தம்பி ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "மாமா பேசறாருக்கா, மாமா பேசறாரு" என்று அழ ஆரம்பித்துவிட்டான். அந்த அக்கா கோயில் இருந்த திசை பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். டைரிக்காரர் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை. நாலு மாதமாக ஒரு சொல்லுக்கு மேல் சேர்க்க முடியாத மனுஷன் முதல்முதலாகச் சேர்த்துச் சொன்னது, நான் ஊற்றிய தண்ணீரை மறைக்கிற பொய். அதற்காகத்தான் அத்தனை முக்கு முக்கி அந்தச் சொற்களை வெளியே இழுத்திருக்கிறார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து இடது கையை ஒரு தடவை லேசாகத் தூக்கினார். பேசாமல் இரு என்கிறார் என்று இந்தத் தடவை எனக்குப் புரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, ஒன்பது மணிக்குத் திருப்பதியில் பயிற்சி. விட்ட இடத்திலிருந்து பெருவிரலை மறுபடி ஆரம்பித்தார்கள். என் தம்பி இன்றைக்கும் அது கேஸ்கெட்டு என்றுதான் சொல்லிக்கொண்டு இருக்கிறான்.